தொலைந்து போக இருந்த கதைக் கட்டு

1957-ம் ஆண்டு. ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாடு அப்போது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டின் லாகோஸ் நகரத்து வானொலி நிலையத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர், நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தார்.

உடம்புக்கு நோய் ஒன்றும் இல்லை. தபாலில் வரவேண்டிய ஒரு கட்டு வரவில்லை. அந்தக் கவலைதான்!

அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். முழுவதும் கையால் எழுதியது. வேறு நகல் கிடையாது. லண்டனில் ஒரு கம்பெனி, கதைகளை டைப் அடித்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. இளைஞர் அந்த ஒரே பிரதியை அப்படியே கட்டி, தபாலில் அனுப்பிவிட்டார். கம்பெனி பணம் கேட்டது. பணத்தையும் அனுப்பினார்.

அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். அதற்கும் பதில் இல்லை. வாரங்கள் போய், மாதங்களும் போயின. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவன் நாவல் எழுதி அனுப்பியிருக்கிறான் என்றால், அதை யார் பெரிதாக நினைக்கப் போகிறார்கள்? கட்டு ஒரு மூலையில் கிடந்தது.

வானொலி நிலையத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஆஞ்சலா பீட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அந்த அம்மாள் விடுமுறைக்கு லண்டன் புறப்பட்டார். இளைஞர் தம் கவலையை அவரிடம் சொன்னார். அவர் லண்டன் போனதும் நேரே அந்தக் கம்பெனிக்குப் போய் நின்றார்.

"அனுப்பிவிட்டோமே!" என்ற பொருளில் ஏதோ சாக்குச் சொன்னார்கள். அம்மாள் விடவில்லை. அப்படியானால் தபால் அனுப்பிய பதிவுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார். புத்தகமே இல்லை! உடனே டைப் அடித்து அனுப்பாவிட்டால் சும்மா விடமாட்டேன் என்று எச்சரித்துவிட்டு வந்தார்.

சில நாட்களில் டைப் அடித்த பிரதி லாகோசுக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பிரதி. கூடவே மன்னிப்புக் கடிதமோ விளக்கமோ எதுவும் இல்லை.

அந்தக் கட்டுதான் பின்னர் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 50-க்கும் அதிகமான மொழிகளில் வந்தது. அந்த இளைஞர்தான் சினுவா அச்செபே. நாவலாசிரியர், கவிஞர், பேராசிரியர் என்று மூன்று துறைகளிலும் பெயர் பெற்ற ஆப்பிரிக்க மேதை.

இரண்டு வீட்டுச் சாப்பாடு

அச்செபே 1930-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி பிறந்தார். இக்போ இன மக்கள் வாழும் ஓகிடி என்பது அவருடைய சொந்த ஊர். தகப்பனார் கிறிஸ்தவ மத போதகர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். பிள்ளைகள் ஆறு பேரில் சினுவா ஐந்தாவது. விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரையே சேர்த்து, ஆல்பர்ட் என்று அவருக்கு ஞானஸ்நானப் பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகு அந்தப் பெயரை அவர் விட்டுவிட்டார்.

ஊர் அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் மாதா கோவிலும் பள்ளிக்கூடமும். மறு பக்கம் பழைய தெய்வங்கள், முகமூடி ஆட்டங்கள், திருவிழாக்கள். கோவில் பக்கத்தார் மறு பக்கத்தாரை அஞ்ஞானிகள் என்று ஒதுக்கினார்கள். ஆனால் சிறுவன் சினுவா, தன் தங்கையுடன் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பண்டிகைச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு வருவான். படையல் சோறு என்பதால் ருசியில் ஒன்றும் குறையவில்லை என்று பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

வீட்டில் தாயாரும் அக்காளும் கதை சொல்வார்கள். ஆமை செய்த தந்திரம், பறவைகள் போட்ட சபதம் என்று இரவுதோறும் கதைகள். பைபிள் வாசகம் ஒரு காதில் விழும். பாட்டன் காலத்துக் கதை மறு காதில் விழும். இரண்டையும் அந்தச் சிறுவன் சேர்த்து வைத்துக்கொண்டான்.

பாடப் புத்தகத்துக்குத் தடை!

1944-ல் உமுவாகியா என்ற ஊரில் இருந்த அரசாங்கப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. வாரத்தில் சில நாட்கள், மாலை நேரத்தில் யாரும் பாடப் புத்தகத்தைத் தொடக்கூடாது! விளையாடலாம், அல்லது நூல் நிலையத்துக்குப் போய்க் கதைப் புத்தகம் படிக்கலாம். சட்டம் போட்ட தலைமை ஆசிரியர் வில்லியம் சிம்சன் ஒரு கணித நிபுணர். பாடத்தையே நெட்டுருப் போடுவது மாணவர்களுக்கு ஆகாது என்பது அவருடைய எண்ணம். பிற்காலத்தில் நைஜீரிய எழுத்தாளர்கள் பலர் அந்த ஒரே பள்ளியிலிருந்து கிளம்பியது தற்செயல் அல்ல என்று அச்செபே கருதினார்.

ஆனால் இன்னொரு சட்டமும் உண்டு. பலமொழி மாணவர்கள் சேர்ந்து தங்கியிருந்ததால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ஒரு நாள் சினுவா, சோப்பை எடுத்துக்கொடு என்று இன்னொரு பையனிடம் தாய்மொழியில் கேட்டுவிட்டார். அதற்குத் தண்டனை கிடைத்தது!

டாக்டர் ஆகவேண்டியவர்

1948-ல் இபதான் நகரில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில், வைத்தியம் படிக்க அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. டாக்டர் படிப்பு என்றால் குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை! ஆனால் ஒரே ஆண்டில், இது தமக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டார். இலக்கியம், சரித்திரம், சமயம் ஆகிய பாடங்களுக்கு மாறினார். உபகாரச் சம்பளம் நின்றது.

படிப்பு நின்றுவிடுமோ என்ற நிலை. அப்போது அண்ணன் அகஸ்டின் கைகொடுத்தார். உத்தியோகத்தில் இருந்த அவர், விடுமுறைக்கு ஊர் வருவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தம் பயணத்தை நிறுத்திக்கொண்டார்.

கல்லூரியில் ஜாய்ஸ் கேரி என்ற ஆங்கில நாவலாசிரியரின் 'மிஸ்டர் ஜான்சன்' என்ற கதை பாடமாக வந்தது. நைஜீரியாவைப் பற்றிய கதை. அங்கே அதிகாரியாக இருந்தவர் எழுதியது. அறிஞர்கள் அதைப் புகழ்ந்தார்கள். ஆனால் வகுப்பில் இருந்த நைஜீரிய மாணவர்களுக்கு அதில் வந்த நைஜீரியரை அடையாளமே தெரியவில்லை. ஏதோ விவரமில்லாத கோமாளியைப் போல அவனைக் காட்டியிருந்தார்கள்.

அச்செபேயின் மனத்தில் அன்று ஓர் எண்ணம் விழுந்தது. நம் வீட்டுக் கதையை அடுத்தவர் சொன்னால் இப்படித்தான் இருக்கும். நாமே சொன்னால் என்ன?

ஒரு பத்தியா, ஒரு புத்தகமா?

1954-ல் வானொலி நிலைய வேலையில் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் எழுத்து. முதலில் மூன்று தலைமுறைக் கதையாகத் தொடங்கியதை, பாட்டன் தலைமுறை மட்டும் போதும் என்று வெட்டிக் குறுக்கினார். அந்தக் கட்டைத்தான் லண்டனுக்கு அனுப்பிவிட்டுத் தவித்தார்.

1958-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ஹைன்மன் பதிப்பகம் அதை வெளியிட்டது. முதல் பதிப்பு வெறும் 2,000 பிரதிகள். ஆங்கிலத்தில் 'திங்ஸ் ஃபால் அப்பார்ட்' என்று பெயர். தமிழிலும் 'சிதைவுகள்' என்ற பெயரில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்த்திருக்கிறார்.

கதை இதுதான். உமோஃபியா என்ற ஊரில் ஒக்கோன்கோ என்று ஒரு மல்யுத்த வீரன். சோம்பேறித் தகப்பனுக்குப் பிறந்தவன். தகப்பனைப் போல் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தினாலேயே முரடனானவன். வள்ளிக்கிழங்கு பயிரிட்டுப் பணக்காரனாகிறான். வேறு ஊரிலிருந்து பிணையாக வந்த ஒரு பையன் அவன் வீட்டில் மகனைப் போல் வளர்கிறான். அந்தப் பையனைக் கொல்ல வேண்டும் என்று தெய்வத்தின் கட்டளை வருகிறது. கோழை என்று பிறர் சொல்லிவிடுவார்களே என்று அஞ்சி, ஒக்கோன்கோவே அவனை வெட்டிச் சாய்க்கிறான்.

பிறகு தவறுதலாக நேர்ந்த ஒரு சாவுக்காக அவனை 7 ஆண்டுகள் ஊரை விட்டு விலக்குகிறார்கள். திரும்பி வரும்போது ஊரில் வெள்ளைக்காரரின் கோவிலும் கோர்ட்டும் வந்துவிட்டன. மூத்த மகனே புது மதத்தில் சேர்ந்துவிட்டான். எதிர்த்து நின்ற ஒக்கோன்கோ, கடைசியில் தூக்குப் போட்டுக்கொண்டு சாகிறான்.

கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்கார ஜில்லா அதிகாரி வருகிறார். அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். மரத்தில் தொங்கும் இந்த மனிதனைப் பற்றி அதில் ஒரு பத்தி எழுதினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்.

ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் அதிகாரியின் ஏட்டில் ஒரு பத்தி! அந்த ஒரு பத்தி மனிதனுக்கு அச்செபே ஒரு முழுப் புத்தகத்தையே கொடுத்துவிட்டார். அதுதான் அந்த நாவலின் பெருமை.

தம் மக்கள் என்பதற்காக அவர் குற்றங் குறைகளை மூடி மறைக்கவும் இல்லை. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் காட்டில் எறிந்துவிடும் கொடிய வழக்கத்தையும் எழுதினார். புது மதத்தை நாடிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதும் அதில் விளங்கும்.

மற்றவர்களுக்கும் வழி

நைஜீரியா 1960-ல் சுதந்திரம் அடைந்தது. 1961-ல் அச்செபே, கிறிஸ்டி என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண்களும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கு குழந்தைகள். மூத்த பெண் படித்த குழந்தைப் புத்தகங்களை ஒரு நாள் புரட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்காக எழுதிய அவற்றில் ஆப்பிரிக்கரைப் பற்றி இழிவாக இருந்தது. உடனே குழந்தைகளுக்கும் கதை எழுதத் தொடங்கினார்.

1962-ல் ஹைன்மன் பதிப்பகம் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை என்று ஒரு நூல் வரிசையைத் தொடங்கியது. அதற்கு அச்செபே பதிப்பாசிரியர் ஆனார். சம்பளம் வாங்காமல் 10 ஆண்டுகள், 100 புத்தகங்கள் வரை அந்தப் பொறுப்பைப் பார்த்தார். உகாண்டாவில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில், கென்யா நாட்டு மாணவர் ஒருவர் கூச்சத்துடன் தம் கையெழுத்துப் பிரதியை அவரிடம் நீட்டினார். அச்செபே அதைப் படித்துப் பார்த்துப் பதிப்பகத்துக்குச் சிபாரிசு செய்தார். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கூகி வா தியாங்கோ.

பிரதி தொலைந்தால் என்ன பாடு என்று அனுபவித்தவர் அல்லவா? பிறருடைய பிரதி மூலையில் கிடக்க அவர் விடவில்லை.

கதை நிஜமாயிற்று!

1966 ஜனவரியில் அவருடைய நான்காவது நாவல் வெளிவந்தது. சுதந்திரம் வந்த பிறகு மந்திரிகள் லஞ்சத்தில் புரண்டதைச் சொல்லும் கதை. கதையின் முடிவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறது.

முன்கூட்டிக் கிடைத்த பிரதியைப் படித்த கவிஞர் ஜே.பி. கிளார்க், இந்தக் கதையில் உள்ளதெல்லாம் நடந்துவிட்டது, ராணுவப் புரட்சி ஒன்றுதான் பாக்கி என்று நண்பர்களிடம் வியந்து பேசினார். ஜனவரி 15-ந் தேதி அதுவும் நடந்துவிட்டது!

கதாசிரியரின் கண் கூர்மையானது என்று பாராட்டியிருக்க வேண்டும். மாறாக, இவனுக்குச் சதி முன்பே தெரியும் என்று சந்தேகித்தார்கள். அதே ஆண்டில் வடக்குப் பகுதியில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். லாகோசில் சிப்பாய்கள் அச்செபேயைத் தேடி அலைந்தார்கள். மனைவி மக்களை நீர்வழியாக அனுப்பிவிட்டு, அவரும் சொந்தச் சீமைக்குத் தப்பிப் போனார்.

கவிதை எழுத வைத்த பசி

1967 மே மாதம் இக்போ மக்களின் கிழக்குப் பகுதி, பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்தது. உடனே உள்நாட்டுப் போர் மூண்டது. இரண்டரை ஆண்டுகள் நடந்த போரில் 10 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பசிக்குப் பலியானவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

அச்செபேயின் வீட்டின்மீதும் குண்டு விழுந்தது. அவருடைய உயிர் நண்பர் கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தார். அந்த ஆண்டே போர்க்களத்தில் விழுந்தார். கார் ஓட்டி வரும்போது வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்ட அச்செபே, ஓரமாகக் காரை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, மூன்று வயது மகன், அவரைச் சாகவிடாதீர்கள் அப்பா என்று கதறினான். குழந்தைகளுடன் குழந்தையாக விளையாடியவர் ஒகிக்போ. 1978-ல் நண்பருக்காக வந்த நினைவுக் கவிதைத் தொகுதிக்கு, அச்செபே அந்தப் பிள்ளையின் சொல்லையே தலைப்பாக வைத்தார்.

போர்க் காலத்தில் நாவல் எழுத மனமும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது அவருக்குக் கைகொடுத்தது கவிதை. அகதி முகாமில் ஒரு தாய். சாகக் கிடக்கும் குழந்தை. பள்ளிக்கூடம் அனுப்புவதற்குச் சீவுவது போல, அவள் குழந்தையின் தலையில் மிஞ்சியிருக்கும் முடியை மெல்லச் சீவுகிறாள். இந்தக் காட்சியை அவர் ஒரு கவிதையாக்கினார். 1971-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுதிக்கு, அடுத்த ஆண்டு காமன்வெல்த் கவிதைப் பரிசில் பங்கு கிடைத்தது.

பேராசிரியரின் பேச்சு

போர் முடிந்ததும் ந்சுக்கா நகரில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. 'ஒகிகே' என்ற இலக்கியப் பத்திரிகை. 1972-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அழைத்தது. நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் கற்பித்துவிட்டு நாடு திரும்பினார்.

1975-ல் அங்கே அவர் ஆற்றிய சொற்பொழிவு இலக்கிய உலகை உலுக்கியது. ஜோசப் கான்ராட் எழுதிய 'இருளின் இதயம்' என்ற கதையை மேல்நாட்டார் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதில் ஆப்பிரிக்கர் மனிதராகவே வரவில்லை, வெறும் பின்னணித் திரையாக நிற்கிறார்கள், இது இனவெறி என்று அச்செபே எடுத்துக் காட்டினார். சிலர் கொதித்தார்கள். சிலர் யோசித்தார்கள். இன்று அந்தக் கதையைப் பாடம் நடத்தும் பல வகுப்புகளில் அச்செபேயின் பேச்சையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

சக்கர நாற்காலியில்

21 ஆண்டுகள் நாவல் எழுதாமல் இருந்தவர், 1987-ல் ஐந்தாவது நாவலை வெளியிட்டார். 1990-ல் அவருடைய 60-வது ஆண்டையொட்டி ந்சுக்காவில் பெரிய விழா எடுத்தார்கள். விழா முடிந்து அதிக நாட்கள் நிம்மதியாகக் கழியவில்லை. மார்ச் 22-ந் தேதி லாகோசுக்குப் போகும் வழியில் கார் கவிழ்ந்தது. முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அதற்குப் பிறகு 23 ஆண்டுகள் சக்கர நாற்காலிதான். சிகிச்சை வசதிக்காக அமெரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள பார்டு கல்லூரியில் 19 ஆண்டுகள் கற்பித்தார். பிறகு பிரௌன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனைவி கிறிஸ்டி நிழல் போல் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

2007-ல் சர்வதேச மான் புக்கர் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு கடைசி வரை வரவில்லை. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவும் இல்லை. 27 ஆண்டுகள் சிறையில் வாடிய நெல்சன் மண்டேலா, சிறையில் அச்செபேயின் புத்தகம் துணை இருந்தபோது சுவர்களே இடிந்து விழுந்ததுபோல் இருந்தது என்ற கருத்தில் பாராட்டினார். அதைவிடப் பெரிய பரிசு ஏது?

தேடி வந்த விருதை அவர் வேண்டாம் என்று சொன்னதும் உண்டு. 2004-ல் நைஜீரிய அரசாங்கம் உயர்ந்த தேசிய விருது ஒன்றை அறிவித்தது. சொந்த மாநிலத்தில் ஒரு சிறு கும்பல் சட்டத்தை மிதித்துக்கொண்டு கொள்ளையடிக்கிறது, அதைத் தடுக்காத அரசாங்கத்தின் விருது எனக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். 2011-ல் மறுபடியும் கொடுக்க வந்தார்கள். சொன்ன குறை இன்னும் தீரவில்லை என்று மறுபடியும் மறுத்தார்.

ஓகிடிக்குத் திரும்பினார்

2012-ல் போர்க் கால நினைவுகளை நூலாக எழுதி முடித்தார். அதுவே அவருடைய வாழ்நாளில் வந்த கடைசி நூல். 2013-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி பாஸ்டன் நகரில் காலமானார். அப்போது வயது 82. மே மாதம் உடலைக் கடல் கடந்து கொண்டு வந்து, சொந்த ஊரான ஓகிடி மண்ணில் அடக்கம் செய்தார்கள். தாயாரும் அக்காளும் கதை சொன்ன அதே ஊர்.

லண்டன் மூலையில் கிடந்த அந்தக் கட்டு தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனம் ஒடிந்து, எழுதுவதையே விட்டிருப்பேன் என்று அச்செபே ஒரு முறை சொன்னார்.

வைத்தியப் படிப்பை விட்டு வந்த தம்பிக்காக ஊர்ப் பயணத்தை விட்டுக்கொடுத்த ஓர் அண்ணன். யாரோ ஓர் இளைஞனின் காகிதக் கட்டுக்காகத் தம் விடுமுறையில் கம்பெனிப் படி ஏறிய ஓர் அம்மாள். அவர்கள் இருவரும் ஒரு வரிகூடக் கதை எழுதவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் ஒக்கோன்கோவின் கதை, அந்த ஜில்லா அதிகாரியின் ஏட்டில் ஒரு பத்தியோடு முடிந்திருக்கும்.